அப்சலோமுக்கு முந்தின பக்கம்

எங்கள் துறையில் புதிதாகப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் போன மாதம் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். இத்தனை வருஷ வேலையில் வேதத்தின் எந்தப் பகுதி உங்களுக்கு அதிகம் கைகொடுத்தது என்று கேட்டிருந்தார்கள். மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அப்சலோமின் கதை என்று ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அப்பாவுக்கு எதிராகப் படை திரட்டிய பையனின் கதை ஆஸ்பத்திரியில் எதற்கு உதவும் என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள். அரைப் பக்கத்தில் சொன்னால் அப்படித்தான் கேட்பார்கள். அதனால் இப்போது முழுசாக எழுதுகிறேன், எனக்குத் தடையில்லாமல் வரும் மொழியில்.

நான் டல்லஸ் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சாப்ளினாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் பாளையங்கோட்டை. சாப்ளின் என்றால் என்ன வேலை என்று இன்றைக்கும் என் நாத்தனார் போனில் கேட்பாள். படுக்கையில் இருப்பவர்களையும் அவர்கள் கூட இருப்பவர்களையும் போய்ப் பார்ப்பது, அவர்கள் பேசினால் கேட்பது, கேட்டுக்கொண்டால் ஜெபிப்பது. எந்த மதமானாலும், மதமே இல்லையென்றாலும். "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களாக்கும்" என்பாள். தந்தார்கள், சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

கணவருக்கு டெக்சஸில் வேலை கிடைத்ததால் வந்தவள் நான். ஊரில் கணக்கு டீச்சர். அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது என்றார்கள். சபையில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் சேர்ந்தேன், அதில் பிடித்துப்போய் இறையியல் படித்தேன், பிறகு ஆஸ்பத்திரிப் பயிற்சி. படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்த எல்லாருடைய படிப்பும் மாதிரிதான் அதுவும்.

பயிற்சியில் எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் ஹாலிஸ். டெக்சஸிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பின மனிதர். ஊழியத்துக்கு வருவதற்கு முன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வெயில் காலத்திலும் ஒரு பழுப்புக் கோட்டு போட்டிருப்பார். நிதானமாகப் பேசுவார், அடுத்தவர் வாக்கியத்தை ஒருநாளும் முடித்து வைக்க மாட்டார். நாம் திணறினால் திணறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். முதல் மாதம் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். டீச்சராக இருந்தவளுக்கு வகுப்பில் அமைதி நிலவினால் எதையாவது சொல்லி நிரப்பித்தான் பழக்கம்.

அவருடைய முறைகள் கொஞ்சம்தான். கதவைத் தட்டு, பெயரைச் சொல், உள்ளே வரலாமா என்று கேள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடு. ஊசி போடுகிறவரிடம், ரத்தம் எடுக்கிறவரிடம் நோயாளியால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இந்தக் கட்டடத்தில் அவர் விரட்டக்கூடிய ஒரே ஆள் நீதான், அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடு என்பார். உள்ளே போனதும் முதலில் நாற்காலி எங்கே கிடக்கிறது என்று பார். கட்டிலை ஒட்டிக் கிடக்கிறதா, சுவரை ஒட்டிக் கிடக்கிறதா. அதை நீ நகர்த்தாதே, அது அந்தக் குடும்பத்தின் நாற்காலி. ஒருவர் சொல்வதை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவரிடம் சொல்லாதே. கடைசியாக, உனக்கு ஒரு கதை சொல்கிறார்கள் என்றால் அதற்கு முந்தின பக்கம் எது என்று கேள்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும், நோயாளி சொன்னது, நாம் சொன்னது எல்லாவற்றையும் நினைவிலிருந்து நாடக வசனம் மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும். ஹாலிஸ் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பார். "உங்கள் மனைவி என்ன சொல்ல வருகிறார் என்றால்" என்று நான் எங்கெல்லாம் ஆரம்பித்திருந்தேனோ அங்கெல்லாம் ஓரத்தில் ஒரே சொல் எழுதுவார்: யோவாப். எனக்குப் புரியவில்லை. யோவாப் தாவீது ராஜாவின் படைத்தலைவன், மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த அப்சலோமைக் குத்திக் கொன்றவன். நான் யாரைக் குத்தினேன் என்று கோபமாகவே கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் எங்கள் ஐந்தாறு பேரையும் உட்கார வைத்து அந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து படிக்க வைத்தார்.

எனக்குத் தெரிந்த அப்சலோம், சின்ன வயதில் சர்ச் சண்டே கிளாஸில் கேட்ட அப்சலோம். அழகன், உச்சி முதல் உள்ளங்கால் வரை குறையில்லாதவன், வருஷத்துக்கு ஒருமுறை முடி வெட்டி எடைபோடுவான். அப்பா தாவீதுக்கு விரோதமாக எழும்பினான், கோவேறு கழுதையில் போகும்போது கர்வாலி மரத்தில் முடி சிக்கித் தொங்கினான். எங்கள் சண்டே கிளாஸ் வாத்தியார் இதைச் சொல்லும்போது முடி வளர்த்த பையன்களையே பார்ப்பார். வேதத்தில் தலை மாட்டிக்கொண்டது என்றுதான் இருக்கிறது, முடி என்று இல்லை. அவருக்கு முடிதான் வேண்டியிருந்தது.

முந்தின பக்கத்தில் இருப்பது வேறு. அப்சலோமுக்குத் தாமார் என்று ஒரு தங்கை. அவர்களுக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் அம்னோன், மூத்த இளவரசன். அவன் காய்ச்சல் என்று பாசாங்கு பண்ணிப் படுத்துக்கொண்டு, தங்கை வந்து சமைத்துக் கொடுத்தால் சாப்பிடுவேன் என்கிறான். தாவீது ஆள் அனுப்பித் தாமாரிடம் சொல்கிறார்: அண்ணன் வீட்டுக்குப் போய் அவனுக்குச் சமைத்துக் கொடு. அவள் போகிறாள். அங்கே அவளைக் கெடுத்து, வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிடுகிறான். அவள் உடையைக் கிழித்துக்கொண்டு அழுதபடி தெருவில் நடந்து வருகிறாள். அப்சலோம் அவளை வீட்டில் சேர்த்துக்கொண்டு, இப்போதைக்குப் பேசாமல் இரு என்கிறான். தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபப்படுகிறார். கோபப்பட்டார், அவ்வளவுதான். ஒன்றும் செய்யவில்லை.

மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது. இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு அப்சலோம் அம்னோனைக் கொல்கிறான். அம்மாவைப் பெற்ற ராஜாவின் நாட்டுக்கு ஓடிப்போகிறான். தாவீதுக்கு அவன் நினைவாகவே இருக்கிறது, ஆனால் கூப்பிடவில்லை. யோவாப் ஒரு கெட்டிக்காரப் பெண்ணைப் பிடித்து, என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து ராஜாவிடம் அனுப்புகிறான். அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வந்த தாவீது நடுவில் கேட்கிறார்: இதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தது யோவாப்தானே? ஆமாம் என்கிறாள். சரி, பையன் ஊருக்கு வரட்டும், ஆனால் என் முகத்தில் விழிக்கக் கூடாது என்கிறார். ஒரே ஊரில் அப்பாவும் மகனும் இரண்டு வருஷம் பார்த்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள். அப்பாவிடம் பேசச் சொல்லலாம் என்று அப்சலோம் யோவாபுக்கு இரண்டு தடவை ஆள் அனுப்புகிறான், யோவாப் வரவில்லை. யோவாபின் வாற்கோதுமை வயலுக்கு அப்சலோம் தீ வைத்த பிறகு ஓடி வருகிறான். அதற்குப் பிறகுதான் அப்சலோம் ஊர் வாசலில் நின்று, வழக்கோடு வருகிறவர்களிடம், உன் வழக்கு நியாயம்தான், ஆனால் கேட்கத்தான் ராஜாவிடம் ஆளில்லை என்று சொல்ல ஆரம்பித்தான். அதை அவன் பொய்யாகச் சொன்னான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் வீட்டு வழக்கே கேட்கப்படாமல்தான் கிடந்தது.

படித்து முடித்ததும் ஹாலிஸ் கேட்டார்: இந்தக் கதையில் சாப்ளின் யார்? ஒருத்தர், தாவீதைக் கண்டித்த தீர்க்கதரிசி என்றார். நான் அந்தக் கெட்டிக்காரப் பெண் என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஒருவரும் இல்லை, யோவாப் தொடங்கி எல்லாரும் அடுத்தவர் பேச்சைச் சுமந்து தூது போனார்கள், தாமார் பக்கத்தில் உட்காரத்தான் ஆளில்லை என்றார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

இந்த வேலையில் சிரிப்பும் உண்டு. காப்பெல், இர்விங் என்று டல்லஸைச் சுற்றிய ஊர்களிலெல்லாம் நம் ஆட்கள் வந்து நிறைந்த பிறகு, தமிழ்ப் பெயரைப் பார்த்தால் நர்ஸுகள் என்னைத்தான் அனுப்புவார்கள். சேலத்துக்காரர் ஒருவர், இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர், என் அடையாள அட்டையைப் படித்துவிட்டு, "என்னங்க, கன்வர்ட் பண்ண வந்திருக்கீங்களா?" என்றார். "இல்ல சார், சம்பளத்துக்கு வந்திருக்கேன்" என்றேன். பிறகு ஒரு மணி நேரம் மருமகளைப் பற்றிப் பேசினார்.

அந்தக் கதை வேலைக்கு உதவிய முதல் தடவை என்று ஞாபகம் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பையன். அப்பாவின் டிரக்கை எடுத்துக் கராஜ் கதவில் மோதி, கை உடைந்து அவசரப் பிரிவில் கிடந்தான். போதையா, பைத்தியமா என்று ஆளுக்கொன்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வாற்கோதுமை வயல் ஞாபகம் வந்தது. "இதுக்கு முன்னாடி யாரையாவது கூப்பிட்டியா?" என்று கேட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான், அப்பா போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு யாராவது எதையாவது கொளுத்தினால், எந்த அழைப்புக்குப் பதில் வரவில்லை என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இனி, அப்சலோம் எதற்கு உதவும் என்று கேட்ட அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்த சம்பவம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் வீட்டு மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு மத்தியானம் ஐசியூவிலிருந்து டோனா கூப்பிட்டாள். நல்ல அனுபவமுள்ள நர்ஸ், வளவளவென்று பேச மாட்டாள். நிமோனியா முற்றிய ஒரு பெரியவருக்குச் சுவாசக் குழாய் போட முடிவு செய்திருக்கிறார்கள் என்றாள். குழாய் போட்டுவிட்டால் மயக்கத்தில் வைத்திருப்பார்கள், பேச முடியாது. வயதானவர்களுக்கு அந்தக் குழாய் திரும்ப வெளியே வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதனால் போடுவதற்கு முன் சாப்ளினைக் கூப்பிடுவது எங்கள் ஐசியூவில் வழக்கம். பேச வேண்டியவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று. "இவர்கள் விடாமல் பேசுகிறார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. உன் பாஷை, வந்து பார்" என்றாள்.

தட்டி, பெயரைச் சொல்லி, அனுமதி கேட்டு உள்ளே போனேன். கட்டிலில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு பொன்னுசாமி. ஈரோட்டுப் பக்கம். டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலோரம் மகன் அர்ஜுன், முப்பது வயதிருக்கும், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இரண்டு பேருக்கும் சரியாக நடுவில் நாற்காலி. அதில் அவர் மனைவி சரசக்கா.

பொன்னுசாமி மாஸ்க்கை விலக்கி மனைவியிடம் சொன்னார். "கார எங்க நிறுத்தியிருக்கான்னு கேளு."

சரசக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். "கார் எங்கடா கண்ணு நிறுத்தியிருக்க?"

"டெல் ஹிம் இட்ஸ் இன் த கராஜ், மா."

"கராஜ்லதானாங்க."

"கதவப் பூட்டினானான்னு கேளு."

இதை நர்ஸுக்கு விளக்க முடியாது. நமக்கு விளக்க வேண்டியதில்லை. பேச்சை விட்டுவிட்டு, ஒரே வீட்டில் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, நடுவில் ஒரு பெண்ணை வைத்து வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்துவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. என் சொந்த மாமனார் அவர் தம்பியோடு அப்படித்தான் வாழ்ந்து முடித்தார். ஆனால் இங்கே டாக்டர் வரும் நேரமாகிவிட்டது. இந்த மனிதர் குரலோடு இருக்கப்போவது இன்னும் கொஞ்ச நேரம்தான். அதைக் கராஜுக்கும் கார் கதவுக்கும் செலவழித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, ஒரு காபி குடிச்சிட்டு வந்திரலாம்" என்றேன்.

சரசக்கா பதறிவிட்டார். "ஐயோ, நான் போயிட்டா இவங்க ரெண்டு பேருக்கும் யாருங்க பேசறது?"

"அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நாற்காலி காலியாகக் கிடந்தது. டோனா மட்டும் உள்ளே மருந்துப் பையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

வராந்தா முனையில் காபி மெஷின். சரசக்கா காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கண்ணாடிக் கதவையே பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். தமிழ்ச் சங்கத் தேர்தல் என்றார். பொன்னுசாமி அந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர், பல வருஷம் தலைவர். அர்ஜுனுக்குச் சங்கத்தில் ஆர்வமே இருந்ததில்லை. திடீரென்று ஒரு பொங்கலிலிருந்து வர ஆரம்பித்தான். விழா முடிந்து மற்றவர்கள் கிளம்பும்போது பார்க்கிங் லாட்டில் நின்று ஒவ்வொரு குடும்பத்தோடும் பேசுவான். குழந்தைகளின் தமிழ்ப் பள்ளியில் என்ன குறை, கமிட்டி யார் சொன்னதைக் கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வான். அடுத்த தேர்தலில் அப்பாவுக்கு எதிராக நின்றான். ஜெயித்தான். பொன்னுசாமி ஹாலின் பின்கதவு வழியாக வெளியே போனார். அன்றையிலிருந்து பேச்சு இல்லை.

"பெத்த அப்பனையே கவுத்துட்டான்னு ஊரே பேசுச்சுங்க" என்றார் சரசக்கா.

என் நினைப்பு அந்தப் பார்க்கிங் லாட்டிலேயே நின்றுவிட்டது. ஊர் வாசலில் நின்றவன்தான் இவன். "அக்கா, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன்.

ஹாலிஸிடம் கற்றபடி, அடுத்த கேள்வி கேட்காமல் காத்திருந்தேன். கையில் காபி ஆறிவிட்டது.

மீனா என்று ஒரு மகள், அர்ஜுனுக்குத் தங்கை என்று ஆரம்பித்தார் சரசக்கா. ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது சங்கத்து நாடகத்தில் ஆள் குறைகிறது என்று பொன்னுசாமியின் சிநேகிதர் கேட்டிருக்கிறார். அவரும் கமிட்டியில் இருந்தவர். "எங்க வீட்டுக்காரருதாங்க எங்கிட்டச் சொல்லி அனுப்பினாரு, மீனாவ ஒத்திகைக்குப் போகச் சொல்லுன்னு. அவளுக்கு இஷ்டமே இல்லீங்க." ஒத்திகைக்கு மற்றவர்கள் வருவதற்கு முன் அந்த ஆள் அவளிடம் தப்பாக நடந்துகொண்டான். அவள் வந்து அம்மாவிடமும் அண்ணனிடமும் சொன்னாள். பொன்னுசாமி கேள்விப்பட்டு வீடே அதிரக் கத்தினார். தட்டைத் தூக்கி எறிந்தார். அடுத்த வாரம் அந்த ஆள் விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பெண் பெயர் வெளியே வந்துவிடும், ஊர் நாலு விதமாகப் பேசும் என்று விட்டுவிட்டார்.

"நானுந்தாங்க, வெளிய சொல்லாத கண்ணுன்னு அவ வாயப் பொத்துனேன்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

மீனா காலேஜுக்கு நியூ ஜெர்சி போனவள், அங்கேயே மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் வேலையோடு தங்கிவிட்டாள். அம்மாவோடு மட்டும் பேசுவாள். அப்பாவுக்கு இப்படி என்று தெரியுமா என்று கேட்டேன். "சாதாரண சளின்னு சொல்லியிருக்கேங்க. தூரத்துல இருக்கறவள எதுக்குப் பயமுறுத்தறது." அப்பாவைப் பற்றின செய்தி எதுவும் அந்தப் பெண்ணுக்கு நேராகப் போனதே இல்லை என்று புரிந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கட்டிலில் கிடந்தவர் மேல் வந்த கோபம், மூச்சுக்குத் தவிக்கிறவர் என்ற இரக்கத்தோடு சேர்ந்தே இருந்தது. தாவீது மேலும் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

நாங்கள் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. பொன்னுசாமி டோனாவிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், அவன் சாப்பிட்டானா என்று கேள் என்று. டோனா பையை மாட்டியபடியே, "சார், அவர் இங்கேதானே நிற்கிறார்" என்றாள். அவளுக்கு அது சாதாரணமான பதில். அவர் முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் நிம்மதியானார், தமிழ் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டது.

"மேடம், அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

எனக்கு அது எவ்வளவு சுலபம். இரண்டு வாக்கியம், இரண்டு நிமிஷம். வராந்தாவில் டாக்டரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆட்களும் வருவது தெரிந்தது. நான் மறுத்து, அவர் கோபித்துக்கொண்டு வாயை மூடிவிட்டால் அதுவே அவருடைய கடைசிப் பேச்சாகிவிடும். அதற்கு நான்தான் காரணம் என்றாகும்.

"நான் சொல்ல மாட்டேன் சார்" என்றேன். "நீங்களே சொல்லுங்க. பக்கத்துலதான் நிக்காங்க."

அவர் என்னை முறைத்தார். மானிட்டரில் ஆக்ஸிஜன் இறங்கியது. டோனா என்னைப் பார்த்த பார்வையில், நீ என்ன சொன்னாய் என்று தெரியவில்லை, ஆனால் சீக்கிரம் சரிசெய் என்று இருந்தது. சரசக்கா என் பின்னால் வாசலில் நின்று, "நான் கேக்கறேங்க, நான் கேக்கறேன்" என்று முன்னால் வரப் பார்த்தார். நான் அவர் கையை விடவில்லை.

அர்ஜுன்தான் அசைந்தான். ஜன்னலிலிருந்து வந்து, காலியாக இருந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு கட்டில் பக்கம் குனிந்தான். அதுவரை ஆங்கிலம் தவிர வேறு பேசாத பையன் தமிழில் சொன்னான். "சொல்லுங்கப்பா."

பொன்னுசாமி அவன் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது, இருந்திருக்காது. பிறகு மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னார். "மீனாவுக்குப் போன் போடு."

தேர்தல் பற்றி ஒரு சொல் இல்லை. அர்ஜுன் உடனே அழைத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் வாய்ப் பக்கம் பிடித்தான். டாக்டர் வாசலுக்கு வந்துவிட்டார். நான் கையைக் காட்டினேன், அவர் நின்றார். நல்ல டாக்டர். போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, "ஹே அர்ஜுன், வாட்ஸ் அப்?" என்று அந்தப் பெண்ணின் குரல்.

டோனா மாஸ்க்கை விலக்கிப் பிடித்தாள்.

"மீனா. அப்பா பேசறேன் கண்ணு."

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு நான் பேசியிருக்கணும். அவன வெளிய போடான்னு சொல்லியிருக்கணும். சொல்லல." மூச்சு வாங்கியது. "உன்மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. எம்மேலதான்."

டோனா மாஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. மீனா என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை, அர்ஜுன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனை அப்பாவின் காதில் வைத்திருந்தான். சரசக்காவை அப்போதுதான் விட்டேன். அவர் ஓடிப்போய் காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள்.

அவர் பிழைத்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசிவரை அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். குழாய் வெளியே வந்தது, வீட்டுக்குப் போனார். அர்ஜுன் அந்தச் சிநேகிதரைச் சங்கத்திலிருந்து நீக்கியபோது பொன்னுசாமியும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து அதற்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார் என்று சரசக்கா போனில் சொன்னார். கராஜ் கதவை மூடினானா என்று இன்றைக்கும் சரசக்காவிடம்தான் கேட்கிறாராம். போகட்டும்.

இப்போது ஆஸ்பத்திரியில் சாப்ளின்களைத் திரை வழியாக அனுப்புகிறார்கள். சக்கரம் வைத்த ஒரு கம்பத்தில் டேப்லெட்டை மாட்டி, அறைக்குள் உருட்டிவிடுகிறார்கள். முதலில் நானும் முகத்தைச் சுளித்தேன். திரையில் இருந்துகொண்டு ஒரு அம்மாவைக் காபி குடிக்க எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? ஆனால் மீனாவுக்குக் கிடைத்ததும் போன் வழியாகத்தான். அதனால் அதைப் பற்றி எனக்குப் பெரிதாகப் புகார் இல்லை.

கடைசியாக ஒன்று. மறுநாள் மீனா விமானம் பிடித்து வந்தாள். நான் போனபோது பொன்னுசாமி குழாயோடு மயக்கத்தில் கிடந்தார், அவள் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியை யாரோ சுவரோரம் தள்ளிவிட்டிருந்தார்கள். நேற்று அறைக்குள் இருந்த தமிழ்க்காரி நான்தான் என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து, ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பிறகு தமிழுக்கு மாறினாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். அவரா சொன்னாரா? இல்ல, அம்மாவோ அர்ஜுனோ சொல்லச் சொன்னாங்களா?"

அந்தக் கெட்டிக்காரப் பெண்ணிடம் தாவீது கேட்ட அதே கேள்வி. அவள் வளர்ந்த வீட்டில் எந்தச் சொல்லும் சொன்னவர் வாயிலிருந்து நேராக வந்ததில்லை, அவள் வேறு எப்படிக் கேட்பாள். நேற்று நான் அந்த இரண்டு வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்திருக்காது.

"ஒருத்தரும் சொல்லச் சொல்லல" என்றேன். "நான் அங்கனதான் நின்னேன். அவரேதான் சொன்னாரு."

மீனா தலையை ஆட்டினாள். பிறகு போய், சுவரோரம் கிடந்த நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.